வடிநீரில் தெரிவதும் தெரியாததும்: வயிற்று டயாலிசிஸும் சவ்வின் ஆயுளும்

ஒரு நாளைக்கு மூன்று பை, பைக்கு 2 லிட்டர். மாதத்துக்கு 90 பை, 180 லிட்டர். ஒரகடத்திலோ சுங்குவார்சத்திரத்திலோ பத்துக்குப் பத்து வாடகை அறையில் இருந்துகொண்டு கம்பெனி வேலைக்குப் போகிற ஒருவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வயிற்று டயாலிசிஸ் என்று முடிவாகிவிட்டால், அறையில் பாதியை இந்த அட்டைப்பெட்டிகளே பிடித்துக்கொள்ளும். கட்டிலுக்கு அடியில் கொஞ்சம், கதவுக்குப் பின்னால் கொஞ்சம், மீதி சமையல் மேடைக்குக் கீழே.

பெட்டிகளோடு ஒரு நோட்டும் உண்டு. எந்த நேரத்தில் எந்தப் பை போட்டார், எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வடிந்தது என்று அதில் எழுத வேண்டும். 2,000 மி.லி. விட்டு 2,300 வடிந்தால், உடம்பிலிருந்து 300 மி.லி. நீர் வெளியேறியிருக்கிறது. அந்த 300-ஐத்தான் நர்ஸ்கள் 'யூ.எஃப். எவ்வளவு?' என்று கேட்பார்கள். பரவலாகப் புழங்கும் பைகளில் மஞ்சள் வளையம் என்றால் 1.5% டெக்ஸ்ட்ரோஸ், பச்சை 2.5%, சிவப்பு 4.25%. ஆரம்பத்தில் பலருக்கு மஞ்சளே போதும். சில ஆண்டுகளில் பச்சை சேரும். நோட்டில் சிவப்பு அடிக்கடி தலைகாட்டத் தொடங்கினால் விஷயம் தெரிந்தவர்களுக்கு முகம் மாறும். கடைசியில் சிவப்புப் பையும் நீரை இழுக்காத நாள் வரும். கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். சவ்வு அன்றைக்குக் கெட்டதல்ல, பல ஆண்டுகளாகக் கெட்டுக்கொண்டு வந்தது.

தினம் தினம் கழிப்பறையில் ஊற்றிவிடும் அந்த வடிநீர் இதை முன்பே சொல்லியிருக்க முடியாதா? சுமார் 30 ஆண்டுகளாகச் சிறுநீரக மருத்துவர்கள் கேட்டுவரும் கேள்வி இது. வடிநீரில் கரைந்துள்ள புரதங்கள், மிதந்துவரும் செல்கள், நோயாளியின் மரபணு என்று பயோமார்க்கர் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அதில் எது நோயாளியின் படுக்கை வரைக்கும் வந்து சேர்ந்தது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியை மனத்தில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஷிஃப்ட் வேலையும் வெயிலும் வாடகை அறையும் இந்தச் சவ்வின் கணக்கில் நேரடியாக வந்து சேர்கின்றன.

வயிற்றின் உட்சுவரையும் குடலையும் போர்த்தியிருக்கிறது பெரிடோனியம். வளர்ந்தவருக்கு அதன் பரப்பு ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர். மேலே மீசோதீலியச் செல்கள் ஒற்றை வரிசையாக இருக்கும், அடியில் நார்த்திசு, அதற்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள். பையில் உள்ள குளுக்கோஸ் ரத்தத்திலிருந்து நீரை இழுக்கிறது, யூரியாவும் கிரியாட்டினினும் கூடவே கசிந்து வருகின்றன. ஸ்வீடனின் பெங்ட் ரிப்பே வகுத்த மாதிரியின்படி ரத்தக் குழாய்ச் சுவரில் மூன்று அளவுத் துளைகள் உண்டு. புரதம் கசியும் பெரிய துளைகள் மிகச் சில. உப்பும் கிரியாட்டினினும் போகும் சிறு துளைகள் ஏராளம். மூன்றாவது வகை வழியாக நீர் மட்டுமே போகும். அக்வாபோரின்-1 என்ற புரதம் அமைக்கும் கால்வாய் அது. அடர்த்தியான பை போடும்போது இழுக்கப்படும் நீரில் ஏறத்தாழ பாதி அதன் வழியே வருகிறது. இந்தச் செய்தி பின்னால் வேண்டியிருக்கும்.

சவ்வு எப்படித் தேய்கிறது என்பதற்குக் கண்ணால் பார்த்த சாட்சி 2002-இல் கிடைத்தது. பிரிட்டனின் கார்டிஃப் நகரை மையமாகக் கொண்ட பெரிடோனியத் திசுப் பதிவேடு நோயாளிகளின் சவ்வுத் துண்டுகளை நுண்ணோக்கியில் அளந்தது. இயல்பான சவ்வில் மீசோதீலியத்துக்கு அடியிலுள்ள அடுக்கின் தடிமன் 50 மைக்ரான். டயாலிசிஸ் தொடங்கி இரண்டு ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கு 180. எட்டு ஆண்டைத் தாண்டியவர்களுக்கு 700. சிறுநீரகம் கெட்டு இன்னும் டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கே 140 இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ரத்தத்தில் தேங்கும் கழிவே முதல் அடியைப் போட்டுவிடுகிறது. அதன்பின் குளுக்கோஸ், குளுக்கோஸைச் சூடாக்கும்போது உண்டாகும் சிதைபொருள்கள், இடையிடையே வரும் பெரிடோனைட்டிஸ் என்ற சவ்வழற்சி எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

சிதைபொருள் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பைகளைக் கிருமி நீக்க ஆலையில் சூடேற்றுகிறார்கள். அப்போது குளுக்கோஸ் உடைந்து செல்களுக்கு நஞ்சாகும் சில மூலக்கூறுகள் உருவாகின்றன. அமிலத்தன்மை இருந்தால் குறைவாக உருவாகும் என்பதால்தான் வழக்கமான பைகளின் பி.ஹெச். 5.5 அருகே வைக்கப்படுகிறது. குளுக்கோஸைத் தனி அறையில் அடைத்த இரட்டை அறைப் பைகள் இதற்கு மாற்று, விலைதான் கூடுதல். ஆலையோடு கதை முடிவதுமில்லை. பையை எந்த வெப்பத்தில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்தச் சிதைபொருள்களில் வீரியமுள்ளவையும் வீரியமற்றவையும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறுகின்றன என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2005-இல் காட்டினார்கள். வெப்பம் கூடினால் வீரியமுள்ளவை கூடும். மே மாதம் தகரக் கூரை போட்ட அறைக்குள் மதியம் இரண்டு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இந்தியாவில் தொடர் வயிற்று டயாலிசிஸ் 1991-இல் தொடங்கியது. அதை இங்கே வளர்த்தவர்களில் முதன்மையானவர் சென்னையின் டாக்டர் ஜார்ஜி ஆப்ரகாம். 1993-இல் உருவான டாங்கர் அறக்கட்டளையின் பின்னாலும் அவர் இருந்தார். இருந்தும் நாட்டில் ரத்த டயாலிசிஸே பெரும்போக்கு. தமிழ்நாட்டில் 5 ஆகஸ்ட் 2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டபோது, சிறுநீரக நோயாளிகளின் வீட்டுக்கே டயாலிசிஸ் பைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் திட்டத்தில் சேர்ந்தது. வாரம் இரண்டு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் கிடப்பவரால் ஷிஃப்ட் வேலையைத் தக்கவைப்பது மிகக் கடினம். வயிற்று டயாலிசிஸ் செய்பவரால் முடியும். அரை மணி நேரம், ஒரு சுத்தமான மூலை, பையைத் தொங்கவிட ஒரு கொக்கி, இவ்வளவு போதும். ஆகவே இங்கே சவ்வின் ஆயுள்தான் வேலையின் ஆயுளும்.

சவ்வை அளக்க நம்மிடம் இருக்கும் பழைய கருவி பெரிடோனியல் ஈக்விலிப்ரேஷன் டெஸ்ட், சுருக்கமாக 'பெட்'. 1987-இல் ஸ்பிலுட் ட்வார்டோவ்ஸ்கி வகுத்தது. நோயாளி முந்தைய இரவு போட்ட நீரோடு காலையில் ஆஸ்பத்திரிக்கு வருவார். அதை முழுக்க வடித்துவிட்டு, பச்சைப் பை ஒன்றைப் பத்து நிமிடத்தில் உள்ளே விடுவார்கள். விடும்போது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரளச் சொல்வார்கள். நீர் எல்லா மடிப்புக்கும் போக வேண்டும். உள்ளே போனதும் 200 மி.லி. வடித்து, அதில் 10 மி.லி. எடுத்துக்கொண்டு மீதியைத் திரும்ப விடுவார்கள். இரண்டாவது மணி நேரத்தில் மறுபடி ஒரு மாதிரி, கூடவே ரத்தம். நான்காவது மணி நேரத்தில் எல்லாவற்றையும் வடித்து, எடை போட்டு, கடைசி மாதிரி. வடிநீர்க் கிரியாட்டினினை ரத்தக் கிரியாட்டினினால் வகுத்தால் வரும் எண் 0.81-க்கு மேல் என்றால் வேகமான சவ்வு, 0.5-க்குக் கீழே என்றால் மெதுவானது. பெரும்பாலோர் இடையில் இருப்பார்கள்.

இதிலும் ஒரு பொறி உண்டு, பலருக்குத் தெரியாதது. சாதாரண லேப்களில் கிரியாட்டினினைப் பிக்ரிக் அமில முறையில், அதாவது ஜாஃபே முறையில் அளக்கிறார்கள். குளுக்கோஸும் அந்த அமிலத்தோடு வினைபுரிந்து நிறம் தரும். ரத்தத்தில் இது பொருட்டல்ல. வடிநீரில் குளுக்கோஸ் பல மடங்கு இருப்பதால் கிரியாட்டினின் பொய்யாக ஏறித் தெரியும். மெதுவான சவ்வு வேகமான சவ்வாகப் பெயர் வாங்கிவிடும். பயன்படுத்தாத புதுப் பையிலிருந்து மாதிரி எடுத்து ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு லேபும் தனக்கென ஒரு திருத்தக் காரணி கண்டுபிடித்துக் கழிக்க வேண்டும், அல்லது என்சைம் முறைக்கு மாற வேண்டும். நெடுஞ்சாலையோரம் புதிதுபுதிதாக முளைக்கும் லேப்களில் எத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள்? நோயாளி கேட்க மாட்டார். டாக்டர்தான் கேட்க வேண்டும்.

வேகமான சவ்வு என்றால் குளுக்கோஸ் சீக்கிரமே ரத்தத்துக்குள் போய்விடும், இழுப்பு தீர்ந்துவிடும், அதன்பின் நீர் திரும்ப உடம்புக்குள் ஏறும். இப்படிப்பட்டவர் ஷிஃப்ட் பஸ் பிடிக்கக் காலை ஐந்து மணிக்குப் பை போட்டுக்கொண்டு கிளம்பி, ஓவர்டைம் முடித்து மாலை ஆறுக்கு அறைக்கு வந்தால், வயிற்றில் நீர் 13 மணி நேரம் தங்கியிருக்கிறது. அவர் 2,000 விட்டு 1,800 வடித்திருப்பார். சவ்வு கெட்டுவிட்டது என்று நினைத்துச் சிவப்புப் பைக்கு மாறுவார். சிவப்பு சவ்வை இன்னும் கெடுக்கும். உண்மையில் அவருக்கு வேண்டியது நடு ஷிஃப்ட்டில் பை மாற்ற ஒரு இடம், அல்லது நீண்ட நேரம் தாங்கும் ஐகோடெக்ஸ்ட்ரின் பை, அல்லது தூங்கும் நேரத்தில் பலமுறை மாற்றித்தரும் சைக்ளர் இயந்திரம். இதைத் தெரிவிக்கும் சோதனைக்கு நான்கு மணி நேரமும் மூன்று குப்பிகளும்தான் செலவு. புதிய மார்க்கர்கள் எல்லாம் இதைவிட அதிகமாக ஏதாவது சொல்கின்றனவா என்பதே அவற்றை உரசிப் பார்க்கும் கல்.

புதியவற்றில் வயதில் மூத்தது சிஏ-125. கருப்பைக்குப் பக்கத்துச் சினைப்பைப் புற்றுநோயின் குறியாக 1981-இல் அறிமுகமான புரதம் இது. மீசோதீலியச் செல்களும் இதைச் சுரக்கின்றன என்று தெரிந்ததும், வடிநீரில் எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் எவ்வளவு செல் மிஞ்சியிருக்கிறது என்று கணிக்கலாம் என ஆம்ஸ்டர்டாமின் ரேமண்ட் கிரெடியட் குழுவினர் 1990-களில் முன்வைத்தார்கள். ஆண்டுகள் போகப் போக அளவு இறங்குவதும் பல இடங்களில் உறுதியானது. 2004-இல் வெளிவந்த யூரோ-பேலன்ஸ் ஆய்வில் நோயாளிகளைப் பழைய பையிலிருந்து நடுநிலைப் பி.ஹெச். கொண்ட இரட்டை அறைப் பைக்கு மாற்றினார்கள். சிஏ-125 ஏறியது, திரும்பப் பழைய பைக்கு வந்தபோது இறங்கியது. செல்கள் நன்றி சொல்கின்றன என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அதே ஆய்வில் புதுப் பையில் இருந்தபோது வயிற்றிலிருந்து வடியும் நீர் குறைந்து, சிறுநீர் கூடியது. மார்க்கர் நல்ல செய்தி சொல்லும்போது நோட்டில் யூ.எஃப். இறங்கியிருந்தால் டாக்டர் எதை நம்புவது?

சிஏ-125-இன் சிக்கல்கள் அத்தோடு நிற்கவில்லை. பெரிடோனைட்டிஸ் வந்தால் செல்கள் செத்து உதிர்வதால் அளவு திடீரென ஏறும், நலம் கூடியதுபோலத் தெரியும். நீர் எவ்வளவு நேரம் வயிற்றில் இருந்தது என்பதைப் பொறுத்தும் எண் மாறும். ஐந்து மணி நேர மாதிரியையும் பத்து மணி நேர மாதிரியையும் ஒப்பிட்டால் அர்த்தமில்லை. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் வேறுபாடு மிகப் பெரிது என்பதால், ஒரே ஆளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மட்டுமே உருப்படியாக ஏதாவது சொல்லும். இன்னொன்றும் உண்டு. லேப் ரிப்போர்ட்டில் சிஏ-125 என்று அச்சாகி, பக்கத்தில் புற்றுநோய்க்கான எல்லை எண்ணும் இருக்கும். அதை வாட்ஸப்பில் மச்சானுக்கு அனுப்பி, அவர் இணையத்தில் தேடிப் பார்த்து, வீடே இரவெல்லாம் விழித்திருக்கும். சோதனை எழுதித் தரும் டாக்டர் முன்கூட்டியே இரண்டு வாக்கியம் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது இன்டர்லூகின்-6. அழற்சியின் தூதன். இதைப் பற்றிய நம் புரிதலை நேராக்கியது குளோபல் ஃப்ளூயிட் ஸ்டடி; 2013-இல் மார்க் லாம்பி, சைமன் டேவிஸ் குழுவினர் வெளியிட்டார்கள். கொரியா, பிரிட்டன், கனடா நாடுகளின் 10 மையங்களில் 959 நோயாளிகள். வடிநீரில் இன்டர்லூகின்-6 கூடியிருந்தவர்களுக்குச் சவ்வு வேகமாக இருந்தது; வேகத்தைத் தீர்மானிக்கும் காரணங்களில் அதுவே முதலில் நின்றது. ஆனால் யார் உயிரோடு இருப்பார்கள் என்பதை அது சொல்லவில்லை. அதைச் சொன்னது ரத்தத்தில் இருக்கும் இன்டர்லூகின்-6. வயிற்றுக்குள் எரியும் நெருப்பும் உடம்பு முழுக்க எரியும் நெருப்பும் வேறுவேறு. அதற்கு முன்பு வரை வேகமான சவ்வு என்றாலே மோசமான எதிர்காலம் என்று பலர் எண்ணியிருந்தார்கள். வேகமான சவ்வை நேரத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். உடம்பின் அழற்சிக்கு வேறு காரணங்களைத் தேட வேண்டும், பல், பாதப் புண், பழைய காசநோய் என்று.

இந்த ஒரு பிரிவினைக்காகவே இன்டர்லூகின்-6 மீது எனக்கு மதிப்பு உண்டு. தனியாக ஒரு எண்ணாகப் பார்த்தால் அது பெரிதாக எதையும் சொல்லாது. காலையில் வடிநீர், அதே நேரத்தில் ரத்தம், இரண்டையும் சேர்த்து அளந்தால் சொல்லும்.

மற்றவற்றை விரைவாகத் தாண்டிவிடலாம். தழும்புத் திசுவோடு தொடர்புடைய பி.ஏ.ஐ.-1, எம்.எம்.பி.-2, சி.டி.ஜி.எஃப்., புது ரத்தக் குழாய்களைத் தூண்டும் வி.இ.ஜி.எஃப்., அழற்சிச் செல்களை அழைக்கும் எம்.சி.பி.-1, இன்னும் ஹயலுரோனான், டெக்கோரின் என்று ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர் குழு உண்டு. இவற்றில் பல சவ்வின் வேகத்தோடு கூடவே ஏறுகின்றன. அப்படியென்றால் 'பெட்' ஏற்கெனவே சொன்னதைத்தான் இன்னொரு தடவை, கூடுதல் விலையில் சொல்கின்றன. 2003-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் வடிநீரில் மிதந்துவந்த மீசோதீலியச் செல்களை வளர்த்துப் பார்த்து, அவை நார்ச்செல் உருவத்துக்கு மாறிவருவதைக் காட்டினார்கள், பெரிய பரபரப்பு. தழும்பை நெய்யும் செல்கள் உண்மையில் அவைதானா, அடியிலிருக்கும் நார்ச்செல்களா என்று எலிகளில் நடந்த பின்னாள் ஆய்வுகள் சந்தேகம் எழுப்பின. இப்போது செல்கள் வெளியேற்றும் நுண்குமிழ்களும் அவற்றுக்குள் இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் அரங்கில் இருக்கின்றன. ஆய்வகத்துக்குச் சுவையான விஷயம்தான். நோயாளிக்கு இன்னும் வரவில்லை.

மரபணுப் பக்கம் வந்த ஒரு செய்தி வேறு ரகம். அக்வாபோரின்-1 கால்வாயின் மரபணுவில், அதன் முன்தூண்டிப் பகுதியில் ஓர் எழுத்து மாறினால் கால்வாய்கள் குறைவாக உருவாகின்றன. பெல்ஜியத்தின் யோஹான் மொரெல், ஒலிவியே டெவுயிஸ்ட் குழுவினர் 2021-இல் 1,851 நோயாளிகளை வைத்து இதைக் காட்டினார்கள். இரு பிரதியிலும் சி எழுத்து உள்ளவர்களுக்குச் சராசரி யூ.எஃப். 626 மி.லி.; இரு பிரதியிலும் டி உள்ளவர்களுக்கு 506. இரண்டாம் வகையினருக்கு மரணமோ, வயிற்று டயாலிசிஸ் கைவிட்டு ரத்த டயாலிசிஸுக்குப் போவதோ கூடுதலாக இருந்தது. இதை வாழ்நாளில் ஒரே ஒருமுறை அளந்தால் போதும், அதற்குத் தக்க முடிவும் இருக்கிறது. இப்படிப்பட்டவருக்குச் சிவப்புப் பை பிரயோஜனம் குறைவு, ஐகோடெக்ஸ்ட்ரின் அந்தக் கால்வாயை நம்பி வேலை செய்வதில்லை. தமிழ்நாட்டு நோயாளிகளில் இந்த எழுத்து எந்த விகிதத்தில் இருக்கிறது என்று பார்ப்பது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களுக்கு எட்டாத வேலை அல்ல.

எல்லாரும் பயப்படுகிற ஒன்று உண்டு: சவ்வு இறுகித் தடித்துக் குடலையே கூடு கட்டினாற்போலச் சுற்றிக்கொள்ளும் நிலை. அரிது, ஆனால் வந்தால் குடல் அடைத்து, சாப்பிட முடியாமல் உயிருக்கே ஆபத்தாகும். நீண்ட ஆண்டுகள் வயிற்று டயாலிசிஸ் செய்யும் ஜப்பானில் இது நன்றாகப் பதிவானது. இந்த நோயாளிகளில் ஓரிரு ஆண்டுகள் முன்பே வடிநீரில் சிஏ-125 இறங்கியும் இன்டர்லூகின்-6 ஏறியும் இருந்ததை ஆம்ஸ்டர்டாம் குழுவினர் கண்டார்கள். இரண்டும் சேர்ந்த ஜோடி நம்பகமாகத் தெரிந்தது. ஆனால் அவர்கள் பார்த்த நோயாளிகள் மிகச் சிலர்.

இதே நோய்க்கு இன்னொரு முன்னறிகுறி இருக்கிறது, அதைப் பற்றித்தான் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் கட்சி. சிவப்புப் பை போட்டு 60-ஆவது நிமிடத்தில் வடிநீரின் சோடியத்தை அளப்பது. பையில் சோடியம் 132 மில்லிமோல். முதல் ஒரு மணி நேரத்தில் அக்வாபோரின் வழியே உப்பில்லாத நீர் வேகமாக வந்து கலப்பதால் அந்த எண் இறங்க வேண்டும். 5 மில்லிமோல் அளவுக்குக்கூட இறங்கவில்லை என்றால், நீரின் பாதை அடைபட்டுவருகிறது என்று பொருள். கால்வாய்கள் இருந்தாலும் சுற்றியுள்ள நார்த்திசு இறுகினால் நீர் வராது என்பதையும் மொரெல் குழுவினர் காட்டினார்கள். அதே சோதனையில் நான்கு மணி நேரத்தில் யூ.எஃப். 400 மி.லி.க்குக் கீழே போனால் சவ்வு தோற்கிறது என்று கொள்ளலாம். தழும்பை நேரடியாகக் காட்டும் இந்த அளவு சிறு நகர் ஆஸ்பத்திரியிலும் இருக்கும் எலெக்ட்ரோலைட் இயந்திரத்தில் சில நிமிடத்தில் கிடைக்கும். பன்னாட்டுப் பெரிடோனியல் டயாலிசிஸ் சங்கம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டலும் 'பெட்' சோதனையையும் சோடிய இறக்கத்தையும்தான் நம்புகிறது. வடிநீர்ப் புரதங்களை வழக்கமான பயன்பாட்டுக்குக் கொண்டுவரவில்லை.

பெரிடோனைட்டிஸ் பற்றியும் ஒரு வார்த்தை. பை கலங்கலாக வந்தால் ஓடிவர வேண்டும் என்று எல்லா நோயாளிக்கும் சொல்லித்தருகிறார்கள். வடிநீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 100-க்கு மேல் வெள்ளணு, அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்றால் நோய் உறுதி. இரவு ஷிஃப்ட்டில் கலங்கல் தெரிந்தவர் காலை வரை காத்திருக்கத்தான் செய்வார். அவர் அறையிலேயே வடிநீரைத் தொட்டுப் பார்க்கும் பட்டை ஒன்று பிரிட்டனில் உருவாக்கப்பட்டது; இன்டர்லூகின்-6, எம்.எம்.பி.-8 இரண்டையும் பார்க்கும், கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போல. சவ்வைக் காப்பதில் இதன் பங்கு பெரிது. ஒரு கடுமையான பெரிடோனைட்டிஸ் பல மாதக் குளுக்கோஸ் செய்யாத சேதத்தைச் செய்துவிடும். நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் காசநோய்ப் பெரிடோனைட்டிஸ். கலங்கல் வந்து, கல்ச்சரில் எதுவும் வளராமல், ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காமல் இருந்தால் இங்கே முதல் சந்தேகம் அதுதான். வயிற்று நீரில் பார்க்கும் ஏ.டி.ஏ. சோதனை இங்கே முழுதாகக் கைகொடுக்காது. 2 லிட்டர் பை நீரில் நீர்த்துப்போன மாதிரிக்குச் சாதாரண வயிற்றுநீருக்கான எல்லை எண் பொருந்தாது.

ஒரகடத்தில் சிப்காட் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா அமைக்கிறது. மத்திய அரசு 100 கோடி ரூபாய் உதவி தரும் திட்டம். அங்கே டயாலிசிஸ் குழாயும் பையும் செய்ய ஆட்கள் வரலாம், வரட்டும். நான் எதிர்பார்ப்பது வேறு: வடிநீருக்கென்றே அளவு திருத்திய பட்டைகள். இப்போது கிடைக்கும் கிட்கள் எல்லாம் ரத்தச் சீரத்துக்காகச் செய்யப்பட்டவை. குளுக்கோஸ் மிகுந்த, புரதம் குறைந்த நீரில் அவை எப்படி நடந்துகொள்ளும் என்று யாராவது சோதித்தாக வேண்டும். பட்டை அடிக்கும் இயந்திரம் வாங்குவது எளிது. அதைச் சரிபார்க்க நோயாளிகளின் மாதிரிகள் ஆண்டுக்கணக்கில் சேமித்துவைக்கப்பட்டிருக்க வேண்டும், அதற்குத்தான் யாரும் நிதி ஒதுக்குவதில்லை.

சேமிப்பது ஒன்றும் பெரிய காரியமல்ல. மாதாந்திரச் சோதனைக்கு வரும் நோயாளி, முந்தைய இரவு எத்தனை மணிக்குப் பை போட்டார் என்று எழுதி, காலை வடிநீரில் 10 மி.லி. கொண்டுவருகிறார். அதே காலையில் எடுக்கும் ரத்தத்தில் ஒரு துளி. இரண்டையும் மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை சிவப்புப் பை 'பெட்' செய்து, 60-ஆவது நிமிட சோடியத்தோடு சேர்த்து வைத்தால் மூன்று ஆண்டில் ஒப்பிட வேண்டியவை கையில் இருக்கும். பூந்தமல்லியிலிருந்து வேலூர் வரை ஒரே நெடுஞ்சாலையில் இத்தனை மருத்துவக் கல்லூரிகள் இருக்கும்போது, குளிர்பெட்டி வைத்த ஒரு வண்டி வாரம் ஒருமுறை சுற்றி வந்தால் போதும்.

இந்தத் தொழிற்பகுதியில் மட்டும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றும் அதில் இருக்கிறது. ஏ ஷிஃப்ட் வாரத்தில் ஒருவர் நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பை மாற்றுகிறார். சி ஷிஃப்ட் வாரத்தில் அதே ஆள் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒரே பையை வைத்திருக்கிறார், பகலில் வெயில் அறையில் தூங்குகிறார். சவ்வு ஒன்றே, மரபணு ஒன்றே, சாப்பாடும் அதே மெஸ்ஸில். இரண்டு வாரத்தையும் சம நேரம் தங்கிய மாதிரிகளாக எடுத்து இன்டர்லூகின்-6-ஐயும் சிஏ-125-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாறுவது சவ்வா அல்லது ஷிஃப்ட்டா என்று பிரித்துவிடலாம். ஷிஃப்ட்தான் என்றால் அடுத்த கடிதம் கம்பெனியின் ஹெச்.ஆர். மேசைக்குப் போக வேண்டும்: நடு ஷிஃப்ட்டில் அரை மணி நேரம், கதவு சாத்தக்கூடிய ஒரு சின்ன அறை, சுவரில் ஒரு கொக்கி.